ஈரம் பார்த்துப் பூசு

புது வீடு பார்க்க வருகிறவர்கள் முதலில் சுவரைத் தடவுவார்கள். உள்ளங்கையை வைத்து ஓர் இழுப்பு. "நல்லா வழவழன்னு பூசியிருக்காங்க" என்று ஒரு பாராட்டு. பூச்சு வேலைக் கொத்தனாரான எனக்கு அந்தப் பாராட்டில் நம்பிக்கை வந்ததே இல்லை. வழவழப்பு என்பது கடைசி நேரக் கைவேலை. அதற்கு முன்னால் நடந்ததெல்லாம் தண்ணீரோடு நடந்த பேரம். செங்கல் எவ்வளவு குடித்தது, மணல் எவ்வளவு ஒளித்து வைத்திருந்தது, கலவையில் எவ்வளவு விட்டோம், வெயிலும் காற்றும் எவ்வளவு பிடுங்கின, பூசிய பிறகு எத்தனை நாள் திருப்பிக் கொடுத்தோம். இதில் ஒன்று பிசகினாலும் சுவர் உடனே சொல்லாது. அடுத்த மழைக்கோ அதற்கடுத்த கோடைக்கோ சொல்லும். அப்போது நாங்கள் வேறு ஊரில் வேறு சாரத்தில் நிற்போம்.

எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தது தாய்மாமன். மானாமதுரைப் பக்கம் அவர்தான் மேஸ்திரி. சேர்ந்த புதிதில் கரண்டியைத் தொடவிடவில்லை. ஒரு வாளியும் பிளாஸ்டிக் மக்கும் கொடுத்து, மறுநாள் பூச வேண்டிய சுவரை முதல்நாள் சாயங்காலமே நனைக்கச் சொன்னார். இதிலென்ன படிப்பு இருக்கிறது என்று நினைத்தேன். காலையில் வந்து சுவரில் புறங்கையை வைத்துப் பார்ப்பார். "குடிச்சு முடிச்சு ஏப்பம் விடணும்டா மாப்ள. ஆனா வேர்க்கக் கூடாது" என்பார்.

அந்த ஒரு வாக்கியத்தைப் பிரித்துப் படிக்க எனக்கு வெகு காலம் ஆனது. காய்ந்த செங்கல்லில் கலவையை அப்பினால், கலவையிலிருக்கும் தண்ணீரைச் செங்கல் உறிஞ்சிக்கொள்ளும். சிமெண்ட் இறுகுவது காய்வதால் அல்ல. தண்ணீரோடு சேர்ந்து அது வேறு பொருளாக மாறுவதால். அந்தத் தண்ணீரைச் செங்கல் குடித்துவிட்டால் சிமெண்ட் பாதி வழியில் நின்றுபோகும். பூச்சு பார்வைக்குக் கெட்டியாக இருக்கும். ஆணி அடித்தால் மாவாக உதிரும். நேர்மாறாக, சுவர் தண்ணீர் சொட்டச் சொட்ட இருந்தால் கலவை பிடிக்காது, வழுக்கி இறங்கும். இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் ஏப்பம்.

கான்கிரீட் தூண் வேறு சாதி. அது கிட்டத்தட்ட ஒன்றும் குடிக்காது. பலகை வைத்து வார்த்த முகம் வழவழவென்று இருக்கும், கலவைக்குப் பிடிமானம் கிடையாது. அதனால் தூணையும் உத்தரத்தையும் உளியால் கொத்திவிட்டு, சிமெண்ட் பால் அடித்த பிறகே பூச வேண்டும். செங்கல் சுவரும் தூணும் சேரும் இடத்தில் கோழிவலை வைத்து அடிக்க வேண்டும். வெயிலுக்கும் குளிருக்கும் அவை இரண்டும் ஒரே மாதிரி விரிந்து சுருங்குவதில்லை. வலை வைக்காத வீடுகளில் தூண் ஓரமாக மேலிருந்து கீழ்வரை நேராக ஒரு வெடிப்பு ஓடும். "அஸ்திவாரம் இறங்கிடுச்சா?" என்று வீட்டுக்காரர் பதறுவார். அநேகமாக அஸ்திவாரத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது. சிக்கனம் பார்த்தது கோழிவலையில்.

மணல் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு பங்கு சிமெண்டுக்கு ஐந்து அல்லது ஆறு பங்கு மணல் என்பது உள்சுவர்க் கணக்கு. சீலிங்குக்கு நாலு. படித்த பிள்ளைகள் இதைச் சட்டென்று சொல்லிவிடுவார்கள். ஆனால் ஈர மணலை அளந்தால் அந்தக் கணக்கு பொய். லேசான ஈரம் பட்ட மணல் உப்பி நிற்கும். கால் பங்குக்கு மேலேயே கொள்ளளவு கூடும். முழுக்க நனைந்துவிட்டால் மறுபடி அடங்கிவிடும். அப்படியானால் மழை தூறிய மறுநாள் அதே பெட்டியால் அளந்தால் மணல் குறைவாகவும் சிமெண்ட் கூடுதலாகவும் விழும். சிமெண்ட் கூடினால் நல்லதுதானே என்று கேட்பார்கள். பூச்சுக்கு அது நல்லதல்ல. சிமெண்ட் அதிகமானால் சுருக்கம் அதிகம், சுருங்கினால் வெடிப்பு. பலம் வேண்டியது தூணுக்கு. பூச்சுக்கு வேண்டியது பிடிமானமும் அடக்கமும்.

ஆற்று மணல் காலத்தில் எங்களுக்குக் கவலை வண்டல். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பாதி மணல், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குலுக்கி வைத்துவிட்டு டீ குடிக்கப் போவோம். திரும்பி வந்தால் மணல் அடியிலும் வண்டல் மேலேயும் படிந்திருக்கும். வண்டல் தடிமனாக இருந்தால் லாரியைத் திருப்பி அனுப்ப வேண்டும். திருப்பி அனுப்பும் தைரியம் மாமாவுக்கு இருந்தது. இப்போது ஆற்று மணல் கண்ணில் படுவதே அரிது. பூச்சுக்கென்று பி-சாண்ட் வருகிறது, கல்லை உடைத்துக் கழுவிச் சலித்தது. அதைக் குறைசொல்ல மாட்டேன். ஆற்றைச் சுரண்டியதைவிட இது மேல். கழுவாத கல்தூசியைப் பி-சாண்ட் என்று பெயர் சொல்லி இறக்குகிறவர்கள்மீதுதான் என் கோபம். அந்தத் தூசி தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும். கலவை இளகவில்லை என்று இன்னும் தண்ணீர் ஊற்றுவார்கள். அங்கேயே வெடிப்புக்கு விதை போட்டாகிவிட்டது.

கலவை என்றால் என் ஞாபகத்துக்கு வருவது மாமா அல்ல, எங்கள் செட்டில் சித்தாளாக இருந்த அக்கா. மணலைக் குவித்து, சிமெண்டைக் கொட்டி, மண்வெட்டியால் நிறம் ஒன்றாகும்வரை உலர்வாகவே புரட்டுவார். நடுவில் குழி பறித்துத் தண்ணீர் விடுவார். எவ்வளவு தண்ணீர் என்று எந்த அளவும் கிடையாது. மேல்சுவருக்கு ஒரு பதம், சீலிங்குக்கு வேறு பதம், காலை ஒன்பது மணிக்கு ஒன்று, மதியம் மூன்று மணிக்கு இன்னொன்று. பாண்டுச் சட்டியில் கலவையைச் சாரத்துக்கு ஏற்றிவிட்டு, நான் முதல் கரண்டியை வீசும் சத்தத்தைக் கீழே நின்று கேட்பார். கலவை சரியாக இருந்தால் 'சப்' என்று ஒரே சத்தம். இளகியிருந்தால் சளசளக்கும், வறண்டிருந்தால் பாதி தரையில் விழும். மேலே இருக்கும் நான் வாய் திறக்கும் முன்பே அடுத்த சட்டி திருத்தி வரும்.

ஒருமுறை ஒரு காண்டிராக்டர், வேலை தாமதமாகிறது என்று, சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்பு இன்னொரு மூட்டையை உடைக்கச் சொன்னார். அக்கா மண்வெட்டியைச் சாத்திவிட்டு நின்றார்.

"சாப்பிட்டு வர்றதுக்குள்ள செத்துப்போகும் சார்."

"வந்து கொஞ்சம் தண்ணி தெளிச்சுக் கிளறிக்கலாம்மா."

"செத்ததுக்குத் தண்ணி தெளிச்சா எந்திரிக்குமா?"

காண்டிராக்டர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அக்கா சொன்னது பாடப் புத்தகத்தில் இருக்கும் விஷயம். தண்ணீர் சேர்ந்த கணத்திலிருந்து சிமெண்டுக்குக் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். இறுகத் தொடங்கியதை உடைத்துத் தண்ணீர் விட்டால் மறுபடி இளகும், ஆனால் பலம் திரும்பாது. அக்காவுக்குப் புத்தகம் தெரியாது. மண்வெட்டியின் கனத்தில் தெரிந்துகொண்டார். இப்படிப்பட்டவருக்கு எனக்குக் கிடைத்ததில் பாதிக்குச் சற்று மேலான கூலி. கடைசிவரை யாரும் அவர் கையில் கரண்டி கொடுக்கவில்லை. நானும் கேட்டுக் கொடுத்ததில்லை. எங்கள் தொழிலில் சுவரின் ஆயுளை நிர்ணயிப்பவர் கீழே நிற்பார், பெயர் வாங்குபவர் சாரத்தில் நிற்பார். இதை நான் பல கொத்தனார்களிடம் சொல்லியிருக்கிறேன். ஒப்புக்கொள்வார்கள், மறுநாளும் அப்படியே நடக்கும்.

சாரத்தின் மேல் நடப்பதையும் சொல்ல வேண்டும். முதலில் தூக்குக்குண்டு விட்டு மட்டப் புள்ளிகள் வைப்போம். சுவரில் அங்கங்கே சிறு வில்லையாகக் கலவை அப்பி, எல்லாம் ஒரே தளத்தில் நிற்கும்படி நூல் பிடித்துச் சரிசெய்வது. அந்தப் புள்ளிகளுக்கு நடுவே நிரப்புவதுதான் பூச்சு. உள்ளே 12 மில்லிமீட்டர், வெளியே 15 முதல் 20. கொத்தனார் சுவரைக் கோணலாகக் கட்டியிருந்தால் ஓரிடத்தில் இரண்டு அங்குலம்கூடக் கேட்கும். அதை ஒரே தடவையில் அப்பினால் சொந்தக் கனத்தில் தொங்கிப் பிரியும். அடிப்பூச்சு போட்டு, மேலே கரண்டியால் கீறிவிட்டு, இறுகிய பிறகு அடுத்த பூச்சு. ஆனால் எங்களுக்குப் பல இடங்களில் கூலி சதுரக் கணக்கு. நூறு சதுர அடிக்கு இவ்வளவு. சதுரக் கணக்கில் இரண்டாவது தடவை சாரம் ஏறுவதற்குக் காசு இல்லை. பூச்சு பிரிந்து விழுவதற்குக் கலவையை மட்டும் காரணம் சொல்லும் பொறியாளர்கள் இந்தக் கணக்கையும் ஒருமுறை பார்க்கலாம்.

கலவையை வீசி அடிக்க வேண்டும், தடவக் கூடாது. மணிக்கட்டை ஒரு சுண்டு. அந்த வேகத்தில்தான் செங்கல் முகத்தில் இருக்கும் காற்று வெளியேறி ஒட்டும். தடவி ஒட்டினால் உள்ளே காற்று நின்றுவிடும். பின்னாளில் நாணயத்தால் தட்டினால் 'டொப்' என்று வெற்றுச் சத்தம் வரும். வீசிய பிறகு மட்டக்கட்டையால் இழுத்துச் சமன்செய்வோம். பிறகு சும்மா இருப்போம்.

இந்தச் சும்மா இருப்பதுதான் வீட்டுக்காரர்களுக்குப் பொறுக்காது. கூலி வாங்கிக்கொண்டு பீடி பிடிக்கிறான் என்று பார்ப்பார்கள். கலவை மேல்தண்ணீரை இழுத்துக்கொள்ளும்வரை தேய்க்கும் மணியாசுக் கட்டையை வைக்கக் கூடாது. சீக்கிரம் வைத்துத் தேய்த்தால் நுண்ணிய சிமெண்டும் தண்ணீரும் மேலே வந்து பால்போல் படியும். பார்க்கக் கண்ணாடி, காய்ந்தால் மயிரிழை மயிரிழையாக வெடிக்கும். தாமதமாக வைத்தால் கட்டை ஓடாது, மணல் பிய்த்துக்கொண்டு வரும். விரலால் அழுத்தினால் தடம் விழ வேண்டும், விரலில் ஒட்டக் கூடாது. அந்த நேரம் வெயில் நாளில் ஒரு மாதிரி, மார்கழியில் ஒரு மாதிரி.

வெளிச்சுவருக்கு எங்கள் வழக்கம் நிழலைத் துரத்துவது. காலையில் மேற்குச் சுவர், மதியத்துக்கு மேல் கிழக்குச் சுவர். கத்திரி வெயிலில் வடக்குச் சுவருக்குச் சாக்குத் திரை கட்டிக்கொண்டுதான் ஏறுவோம். வெயிலைவிட ஆடிக்காற்று மோசம். வெயில் சுடுகிறது என்று எல்லோருக்கும் தெரியும். காற்று சத்தமில்லாமல் மேல்ஈரத்தை நக்கிக்கொண்டு போய்விடும். மேலே காய்ந்து உள்ளே ஈரமாக நிற்கும் பூச்சு அன்று சாயங்காலமே விரிசல் விட்டிருக்கும்.

சவுக்குக் கம்புச் சாரம் கட்டிய காலத்தில் சுவரில் பொந்து விட்டுக் கம்பு நுழைப்போம். மேலிருந்து பூசி இறங்க இறங்கச் சாரத்தை அவிழ்த்து, பொந்தைச் செங்கல் வைத்து அடைத்துப் பூச வேண்டும். வேலை முடியும் அவசரத்தில் இந்தப் பொந்துகளில் கலவையைத் திணித்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. வடகிழக்குப் பருவமழைக்கு உள்சுவரில் வட்டமாக ஈரத்தழும்பு தெரிந்தால், தளத்தில் ஒழுகுகிறது என்று மாடிக்கு ஓடுவதற்கு முன் வெளியே அதே உயரத்தில் சாரப் பொந்து இருந்ததா என்று பாருங்கள்.

வழவழப்பு ஆசை செய்யும் கெடுதல் இன்னொன்று உண்டு. "சிமெண்ட் தூவித் தேய்ச்சு விடுங்க மேஸ்திரி" என்று கேட்பார்கள். ஈரப் பூச்சின் மேல் வெறும் சிமெண்டைத் தூவி இரும்புக் கரண்டியால் இழுத்தால் பளபளக்கும். மேல்தோல் மட்டும் இரும்பு, உள்ளே சாதாரணக் கலவை. இரண்டும் ஒன்றாகச் சுருங்காது. தரைக்குச் சரி, தண்ணீர்த் தொட்டிக்குள் சரி. சுவருக்கு வேண்டாம். லேசான சொரசொரப்பு இருந்தால்தான் பட்டியும் பெயிண்டும் பிடிக்கும்.

பின்னாளில் காரைக்குடிப் பக்கம் பழைய வீடுகளைப் பழுதுபார்க்கும் வேலை கிடைத்தது. செட்டிநாட்டு வீடுகள் சில விடுதிகளாக மாறத் தொடங்கிய சமயம். சிமெண்டில் கற்றதில் பாதியை அங்கே மறக்க வேண்டியிருந்தது. சிமெண்ட் தண்ணீரைக் கட்டிக்கொண்டு இறுகும்; சுண்ணாம்பு தண்ணீரை விட்டுவிட்டு, காற்றிலிருக்கும் கரியமில வாயுவை மெதுவாக வாங்கி இறுகும். காளவாசலில் சுட்ட சுண்ணாம்புக் கல்லோ கிளிஞ்சலோ பல மாதம், பல வருடம் கழித்து மறுபடி கல்லாகிறது. அவசரப்படுத்த வழியே இல்லை.

அங்கே எனக்கு மேலே ஒரு சுண்ணாம்புக் கொத்தனார் இருந்தார். எண்பதைத் தொட்ட பெரியவர். சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் விட்டு நீற்றும்போது எங்களைக் கிட்டே வரவிட மாட்டார். அது கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் கண் போய்விடும். நீற்றிய சுண்ணாம்பைச் சலித்துக் குழியில் தண்ணீருக்கடியில் வாரக்கணக்கில் கிடக்கவிடுவார். ஒரு சிறு கட்டி நீறாமல் தப்பித்துப் பூச்சுக்குள் போனாலும், பின்னால் ஈரம் பட்டு உள்ளிருந்தே வெடித்து அம்மைத் தழும்பு மாதிரி குழி விழும். கடுக்காயை இடித்து வெல்லத்தோடு ஊறவைத்துப் புளிக்கவிட்ட தண்ணீர் தனி. சாந்து அரைக்க ஒரு காலத்தில் வட்டத் தொட்டியில் மாடு பூட்டிய செக்கு இருந்ததாம். எங்கள் காலத்துக்கு மோட்டார் வைத்த அரவை.

மணல் கலந்த முரட்டுப் பூச்சு அடியில். அதன்மேல் நுண்மணல் பூச்சு. மேலே போகப் போக மணல் குறைந்து, அரைத்த சுண்ணாம்பு மட்டும் மிஞ்சும். கடைசிப் பூச்சு காகிதத் தடிமன்தான். அதில்தான் முட்டை வெள்ளைக்கரு சேரும். அப்புறம் தேய்ப்பு. கரண்டியால் தேய்த்து, கூழாங்கல்லால் தேய்த்து, மாக்கல் பொடியை மெல்லிய துணியில் முடிந்து ஒற்றி, மறுபடி தேய்த்து. தேய்க்கத் தேய்க்கச் சுவர் வேர்க்கும். அந்த வேர்வையைப் பருத்தித் துணியால் ஒற்றி எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் மேற்பரப்பு மங்கிவிடும். மாமா வேர்க்கக் கூடாது என்றார். இங்கே வேர்வை நின்றால்தான் வேலை முடிந்தது.

வெள்ளைக்காரர் காலத்து மெட்ராஸில் இதே வகைப் பூச்சைப் பார்த்தவர்கள் பளிங்குக்கு ஒப்பிட்டு எழுதிவைத்திருக்கிறார்கள். பார்க்க வருகிறவர்கள் இன்றும் கேட்கும் ஒரே கேள்வி, "எத்தனை முட்டை?" பெரியவருக்கு இதைக் கேட்டாலே எரிச்சல். "முட்டையை ஆம்லெட் போட்டுத் தின்னுட்டுத் தேய்ச்சாலும் பளபளக்கும், முட்டை ஊத்திட்டுத் தேய்க்காமப் போனா பளபளக்காது" என்பார். கொஞ்சம் மிகைதான். ஆனால் அவர் பக்கம்தான் நான்.

அந்த வீடுகளில் எங்களுக்குப் பெரிய தலைவலி, எங்களுக்கு முன்னால் வந்தவர்கள் சிமெண்டால் ஒட்டுப்போட்டுவிட்டுப் போன இடங்கள். சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஈரத்தை ஏற்றும், வெளிக்காற்றில் விட்டுவிடும். குறுக்கே சிமெண்ட் ஒட்டு வந்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் பக்கத்தில் சுற்றிப்போகும். ஒட்டு கல்லுப்போல் நிற்கும், அதைச் சுற்றி நூறு வருடப் பூச்சு உப்புப் பூத்து உதிரும். ஒரு வீட்டு ஆச்சி, "சிமெண்ட் போட்ட இடம்தானப்பா நல்லா இருக்கு, மத்ததையும் அதுலயே போட்டுருங்களேன்" என்றார். கண்ணால் பார்ப்பதை வைத்து அவர் சொன்னது நியாயம். புரியவைக்க ஒரு ஒட்டை உடைத்துக் காட்ட வேண்டியிருந்தது. உள்ளே செங்கல் பிழிந்தால் தண்ணீர் வரும்போலக் கறுத்துக் கிடந்தது.

சிமெண்டைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. 1904-இல் சென்னையில் கிளிஞ்சலை வைத்துச் சிமெண்ட் செய்து பார்த்த முயற்சி நிலைக்கவில்லை. 1949-இல் தாழையூத்தில் ஆலை ஓடத் தொடங்கிய பிறகு தென்பாண்டி நாட்டுக் கிராமத்துக்கும் மூட்டை வந்தது. மண்சுவரில் இருந்தவர்கள் மழைக்கு அஞ்சாமல் தூங்கியது அதனால்தான். அதனதன் இடத்தில் அது.

கை பற்றி ஒரு வார்த்தை. ஈரச் சிமெண்ட் கடுங்காரம். விரல் நுனி தேய்ந்து ரத்தம் கசியும், நக இடுக்கு பிளக்கும். நான் கரண்டி பிடித்தவன், தப்பித்தேன். வெறுங்கையாலும் வெறுங்காலாலும் கலவையில் நின்ற சித்தாள்களின் பாதம் பாளம் பாளமாக இருக்கும். இரவில் தேங்காய் எண்ணெய், அவ்வளவுதான் வைத்தியம். இப்போது கையுறை கொடுக்கிறார்கள், எல்லா இடத்திலும் அல்ல.

இன்று அடுக்குமாடிகளில் உள்சுவருக்கு ஜிப்சம் வந்துவிட்டது. வடக்கேயிருந்து வரும் பையன்கள் அரைமணியில் இறுகும் அந்த மாவைப் போட்டு இழுக்கும் அழகு எனக்குப் பிடிக்கும். தண்ணீர் அடித்துக் காக்க வேண்டாம், வெடிப்பு குறைவு. குளியலறைப் பக்கமும் வெளிச்சுவரிலும் மட்டும் ஆகாது.

சிமெண்ட் பூச்சுக்கோ ஏழு நாளாவது தண்ணீர் அடிக்க வேண்டும். அதற்குப் பிறகும் பெயிண்டுக்கு அவசரப்படக் கூடாது, உள்ளீரம் போக மாதக்கணக்கு ஆகும். இங்கேதான் பஞ்சாங்கம் குறுக்கே வரும். போன வருடம் ஒருவர் தையில் கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்துவிட்டார். நாங்கள் மார்கழியில்தான் பூசி முடித்தோம். பூச்சுக்கு மார்கழி அருமையான மாதம், நிதானமாக இறுகும். பெயிண்டுக்கு அது போதாது. "இப்போதைக்குச் சுண்ணாம்பு அடிச்சுப் பால் காய்ச்சுங்க, கோடை கழிஞ்சு பெயிண்ட் அடிக்கலாம் சார்" என்றேன். அறைகளுக்குச் சம்மதித்தார். சொந்தக்காரர்கள் வந்து உட்காரும் இடம் என்று ஹாலுக்கு மட்டும் விலை கூடிய பெயிண்டே அடித்தார்கள்.

ஆடி மாதம் போன் செய்தார். ஹாலில் பெயிண்ட் கொப்புளித்துத் தோல் உரிகிறதாம். வந்து பாருங்கள் என்றார். போய்ப் பார்த்தேன், பூச்சுக்கு ஒன்றுமில்லை. சுரண்டிவிட்டுக் காயவிடச் சொன்னேன். அறைகளுக்கு எப்போது பெயிண்ட் அடிக்கலாம் என்று கேட்டார். இப்போதே அடிக்கலாம் என்றேன். அவர் மனைவி உள்ளேயிருந்து, "சுண்ணாம்பு அடிச்ச ரூம்தான் குளுகுளுன்னு இருக்குண்ணே, அதையே விட்டுடலாமா?" என்றார். விடுங்கள், வருடத்துக்கு ஒருமுறை பொங்கலுக்கு முன்னால் அடித்துக்கொண்டால் போதும் என்றேன். அப்படியே ஹாலுக்கும் சுண்ணாம்பு எத்தனை கிலோ வாங்க வேண்டும் என்று எழுதித் தரச் சொன்னார்.